ஞாயிறு நடை: ஐயனார் காவல் காக்கும் காட்டுக்குப் போவோமா?

லாஸ்பேட்டை ஹெலிபேடு மைதானத்தில் தினமும் ரவுண்டு அடிப்பவரா நீங்கள்? இந்த வாரம் ஒரு மாறுதலுக்கு நிஜக் காட்டுக்குள் நடந்துவிட்டு வரலாம்.

ஈ.சி.ஆரில் வடக்கே சுமார் 15 கிலோமீட்டர். காலாப்பட்டு, பல்கலைக்கழகம், கனகசெட்டிகுளம் தாண்டினால் தமிழக எல்லைக்குள் வருகிறது கீழ்புத்துப்பட்டு. அங்கே மஞ்சனீஸ்வரர் ஐயனார் கோயிலைச் சுற்றி இருக்கிறது அந்தக் காடு. மலையேற்றமெல்லாம் இல்லை. வீட்டில் எல்லோரும் மெதுவாக நடக்கலாம்.

காயா, வீரை போன்ற மரங்கள்தான் இங்கே ஹீரோ. பெரிய உயரம் கிடையாது. ஆனால், கிளைகள் பின்னிக்கொண்டு நிற்பதால் உள்ளே நுழைந்ததுமே வெயில் குறையும். தடித்த இலைகள் என்பதால் கோடையிலும் பச்சை மாறாது. ‘உலர் பசுமைமாறாக் காடு’ என்கிறார்கள் தாவரவியலாளர்கள். சோழமண்டலக் கரைக்கும் இலங்கையின் வடபகுதிக்கும் உரிய காடு இது. விறகுக்கும் விவசாயத்துக்கும் வீட்டுமனைக்கும் மற்ற இடங்களில் அழிந்துபோனது. ‘சாமி காட்டில் குச்சி ஒடிக்கக் கூடாது’ என்ற பயம்தான் இதைக் காப்பாற்றியிருக்கிறது.

பக்கத்திலிருக்கும் ஆரோவில், 1968-ல் தொடங்கியபோது வெறும் செம்மண் பொட்டல். அதைக் காடாக்கியவர்கள், இந்த மண்ணின் மரங்களுக்கான விதைகளைத் தேடிப்போனது இதுபோன்ற கோயில் காடுகளுக்குத்தான். அதாவது, இவை நம் ஊரின் விதை வங்கி!

ஆனால், மரத்தை வெட்டினால்தான் காடு அழியும் என்றில்லை. கீழே கிடக்கும் சருகுக்குள்தான் அடுத்த தலைமுறைக் கன்றுகள் முளைக்கின்றன. செல்ஃபிக்காகப் பாதையை விட்டு இறங்கினாலோ, பொங்கல் வைக்க உள்ளே அடுப்பு மூட்டினாலோ முதலில் சாவது அவைதான். இந்த மரங்கள் மெதுவாக வளர்பவை. ஒரு கன்று போனால், அந்த இடம் நிரம்பப் பல வருடங்கள் ஆகும்.

கிளம்பும் முன்...

* காலை 6 முதல் 8 மணிக்குள் நடந்துவிடுங்கள்.
* ஆடி மாதத்தில் கோயிலில் கூட்டம் அதிகம். காட்டைப் பார்க்க வேறு மாதம் நல்லது.
* முழுக்கால் பேன்ட், ஷூ அவசியம். சருகுக்குள் பாம்பு இருக்கலாம்.
* தண்ணீரை ஸ்டீல் பாட்டிலில் கொண்டுபோங்கள்.
* காய், விதை, பூ எதையும் பறிக்க வேண்டாம். போட்டோ மட்டும் போதும்.