துறைமுகத்துக்கு வரும் புதுமை

சென்ற கிழமை மாலை உட்துறைமுக வீதி வழியே நடந்துகொண்டிருந்தபோது, முன்னொரு காலத்தில் என்னிடம் படித்த மாணவன் ஒருவனைச் சந்தித்தேன். இருபது ஆண்டுகளாகத் தனியார் பண்டகசாலையொன்றில் கணக்கெழுதி வருபவன். அங்கே பேரேட்டை எடுத்துவிட்டுக் கணினியை வைத்துவிட்டார்களாம். "யந்திரத்துக்கு நான் பயப்படவில்லை, சேர். அதைப் பழக ஒரு கிழமைகூடத் தரவில்லை. சொல்லித் தந்ததும் ஆங்கிலத்திலேதான்" என்றான். அவன் குரலில் கோபம் இல்லை, வெட்கமே இருந்தது. அந்த வெட்கந்தான் இதனை எழுதத் தூண்டியது.

மாற்றத்தை மலர்ந்த முகத்துடன் ஏற்கவேண்டும் என்று அறிவுரை கூறுவோர் இந்நாளில் மிகப் பலர். அவர் கூற்றில் உண்மை இல்லாமலில்லை. மொழியிலே பழையவை நீங்கிப் புதியவை வந்து சேர்வது குற்றமாகாது என்று நன்னூலாரும் விதித்தார். ஆனால், அதற்குக் காரணம் காலம் என்றும் அவரே சேர்த்துரைத்தார். மொழிக்குக் காலம் நூற்றாண்டுக் கணக்கில் அவகாசம் தந்தது. தொழிலாளிக்கோ ஒரு கிழமையும் கிடைப்பதில்லை. இவ்வேறுபாட்டை மறந்து கூறும் அறிவுரை, அறிவுரையாகாது.

திருகோணமலை மக்கள் மாற்றத்துக்குப் புதியவர் அல்லர். 1957 ஒக்டோபர் 15ஆம் நாள், பண்டாரநாயக்கா பிரதமராய் இருந்தபோது, பிரித்தானியர் இங்கிருந்த தம் கடற்படைத் தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்தனர். சுதந்திர நாட்டுக்கு அது பெருமை மிக்க நாள் என்பதில் ஐயமில்லை. ஆயினும், அத்தளத்தை நம்பிப் பிழைத்த கம்மியர்களும் எழுதுவினைஞர்களும் கூலியாட்களும் அன்று என்ன நினைத்திருப்பர்? கொடி மாறுவதற்கு ஒரு நாள் போதும். ஒரு குடும்பம் வேறு தொழிலுக்கு மாறுவதற்கு அது போதுமா?

அதற்கு முந்திய ஆண்டில் வேறொரு மாற்றமும் வந்தது. 1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டம் சிங்களத்தை மாத்திரமே ஆட்சிமொழியாக்கியது. தமிழ் ஊழியர் சிங்களத் தேர்வில் தேறவேண்டியவராயினர். அத்தேர்வை எழுதாமையால் சம்பள உயர்வை இழந்த கோடீஸ்வரன் தொடுத்த வழக்கு, 1969இல் இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. தமிழும் ஆட்சிமொழி என்று அரசியலமைப்பு ஏற்றதோ 1987இலேதான். கருவி மாறுவது ஒன்று. மனிதனின் உரிமை மாறுவது மற்றொன்று. முன்னதற்கு இசைவது அறிவுடைமை. பின்னதற்கும் இசைந்துபோ என்பது அநீதி. இரண்டையும் ஒரே சொல்லால் அழைப்பதனாலேயே நம்மவர் பலருக்கு 'மாற்றம்' என்றாலே அச்சம் உண்டாகிறது.

இன்று மீண்டும் பெரும் மாற்றமொன்று துறைமுக வாயிலில் நிற்கிறது. சீனன்குடாவிலுள்ள 99 எண்ணெய்க் குதங்கள் பற்றி 2022 ஜனவரியில் உடன்படிக்கை ஏற்பட்டது. அவற்றுள் 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 14 லங்கா ஐ.ஓ.சி. நிறுவனத்துக்கும், எஞ்சிய 61 இரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்கும் ஒதுக்கப்பட்டன. 2025 ஏப்ரலில், திருகோணமலையை எரிசக்தி மையமாக்குவதற்கு இலங்கை, இந்தியா, ஐக்கிய அரபு இராச்சியம் ஆகிய மூன்றும் புரிந்துணர்வு உடன்படிக்கை செய்தன. நிலக்கரி மின்னிலையத் திட்டம் 2016இல் கைவிடப்பட்ட சம்பூரிலே, 120 மெகாவாட் சூரிய மின்திட்டத்தின் பணியும் அதே மாதம் தொடக்கி வைக்கப்பட்டது.

இத்தகைய தொழில்களின் இயல்பை நாம் உணரவேண்டும். சூரிய மின்னிலையத்தைக் கட்டும்போது பல கைகள் வேண்டும். கட்டி முடிந்தபின் பயிற்சி பெற்ற சிலரே போதும். குதங்களிலும் அவ்வாறே, தோள்வலியைவிட அளவுமானியைப் படிக்கும் கண்ணுக்கே மதிப்பு மிகும். அந்தச் சிலராக வரப்போகிறவர் யார்? இம்மாவட்டத்துத் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவருமா? அன்றி, வெளியிலிருந்து வருவோர் வேலை செய்ய, நம் பிள்ளைகள் வாயிற்காவலராய் நிற்பார்களா?

வினாவுக்கு விடை உடன்படிக்கைகளில் இல்லை, பயிற்சியில் இருக்கிறது. மாற்றத்தைக் கொண்டுவருவோர் மூன்று கடன்களைத் தீர்க்கவேண்டும்: முன்கூட்டியே அறிவித்தல், பழகுவதற்கு அவகாசம் தருதல், தொழிலாளியின் தாய்மொழியிலே கற்பித்தல். ஆசிரியர்களாகிய நமக்கும் கடன் உண்டு. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திலே கணினி விஞ்ஞானம் கற்பிக்கப்படுகிறது. அவ்வறிவு வளாகத்து மதிலைத் தாண்டி, மாலை வகுப்புகளாக வேலையாட்களிடம் சென்றடைய வேண்டாமா? நம் பாடசாலை அறைகள் மாலையில் பூட்டியே கிடக்கின்றனவே!

என் மாணவனின் கதை வெட்கத்தோடு முடியவில்லை. வேலை முடிந்தபின், தன்னிலும் இளையவன் ஒருவன் அருகே அமர்ந்து, இரண்டு மாதத்தில் கணினியைப் பழகிக்கொண்டானாம். இப்போது தன்னைப் போன்ற மூவருக்குத் தமிழிலே சொல்லிக் கொடுக்கிறானாம். பிரியும்போது, "நான் மெதுவாகத்தான் படிப்பேன் என்று உங்களுக்குத் தெரியுந்தானே, சேர்" என்று சிரித்தான்.

மெதுவாகப் படிப்பது குற்றமன்று. படிக்க இடங்கொடாமையே குற்றம். வெட்கப்படவேண்டியவன் அவனல்லன்.