மண்ணில்லாப் பயிரும் சுதேசி உரமும்

மண்ணின்றி, நீரிலே வேரூன்றச் செய்து கீரையும் காய்கறியும் விளைவிக்கும் முறை நமது பட்டணங்களில் நாளுக்கு நாள் பரவி வருகிறது. மத்திய சர்க்காரின் தோட்டப்பயிர் அபிவிருத்தித் திட்டத்தை 2025-ம் வருஷத்தில் திருத்தியபோது, இம்முறைக்கும் உதவித் தொகை அளிக்க இடம் செய்யப்பட்டிருக்கிறது. இதை நாம் வரவேற்கிறோம். ஆனால் ஜனங்களின் வரிப்பணம் செலவாகும் இக்காரியத்தில் முக்கியமான கேள்வி ஒன்று கேட்கப்படாமலே இருக்கிறது. அந்த நீரில் கரைக்கும் உரம் எங்கிருந்து வருகிறது?

இம்முறை நம் தேசத்துக்குப் புதிதன்று. கலிபோர்னியா சர்வகலாசாலையில் கெரிக் என்னும் சாஸ்திரி 1929-ம் வருஷம் முதல் இதைப் பெரிய அளவில் சோதித்து, 1937-ல் 'ஹைட்ரோபானிக்ஸ்' என்ற பெயரை உலகறியச் செய்தார். 1946-ல் ஷோல்டோ டக்ளஸ் என்ற ஆங்கிலேயர் வங்காளத்துக் காலிம்பாங்கில் இதைத் தொடங்கினார். விலை உயர்ந்த கருவிகள் இல்லாமல், கல்லும் மணலும் கொண்டு ஏழைகளும் செய்யத்தக்க வகையில் அவர் அமைத்த முறைக்கு 'வங்காள முறை' என்றே பெயர் ஏற்பட்டது. எனினும் அன்று முதல் இன்று வரை பயிருக்கு ஆகாரம் ரஸாயன உப்புக்களே.

அவ்வுப்புக்களின் நிலைமை யாது? பொட்டாஷ் உரத்துக்கு நாம் முற்றிலும் அன்னிய நாடுகளையே நம்பியிருக்கிறோம். நீரில் முழுவதும் கரையும் விசேஷ உரங்களில் பெரும் பகுதி சீனாவிலிருந்து வருகிறது. 2025-ம் வருஷத்தின் நடுவில் அந்நாடு ஏற்றுமதியை நிறுத்தி வைத்தபோது நமது வியாபாரிகள் திகைத்து நின்றனர். மற்றொரு புறம் பொள்ளாச்சியிலிருந்து தென்னை நார்த்தூள் கப்பல் கப்பலாக ஏற்றுமதியாகி, பிற தேசங்களில் மண்ணில்லாப் பயிருக்கு மண்ணாக உதவுகிறது. பருத்தியைக் கொடுத்துத் துணியை வாங்கிய பழைய கதையை இது நினைவூட்டவில்லையா?

இதை உணர்ந்த சிலர், ரஸாயன உப்புக்குப் பதிலாக மீன் அமிலம், பிண்ணாக்குக் கரைசல், பஞ்சகவ்யம் முதலியவற்றைத் தொட்டியில் ஊற்றிப் பார்க்கின்றனர். நோக்கம் நல்லதே. ஆனால் பெரும்பாலும் நீர் நாறுகிறது, வேர் அழுகுகிறது, முயற்சி கைவிடப்படுகிறது. இதற்குக் காரணம் தெளிவானது. பிண்ணாக்கிலும் மீனிலும் உள்ள நைட்ரஜன் பெரும்பாலும் புரதமாக இருக்கிறது. பயிரின் வேரோ அதை முக்கியமாக நைட்ரேட்டாகவும் அம்மோனியாவாகவுமே உறிஞ்சுகிறது. நிலத்தில் எண்ணற்ற நுண்கிருமிகள் இருந்து, புரதத்தை அம்மோனியாவாகவும், அதை நைட்ரைட்டாகவும், பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றித் தருகின்றன. வெறுந் தொட்டியில் அந்த வேலையாட்கள் போதிய அளவில் இல்லை. அழுகும் பொருள் நீரிலுள்ள பிராணவாயுவைத் தின்றுவிட, வேர் மூச்சற்று மாள்கிறது.

வழி இல்லாமலில்லை. ஜப்பானில் ஷினோஹாரா என்னும் சாஸ்திரியும் அவருடைய கூட்டாளிகளும் 2011-ல் வெளியிட்ட ஆராய்ச்சி இதைக் காட்டியிருக்கிறது. மக்கிய மரப்பட்டை உரத்தைச் சிறிது நீரிலிட்டு, காற்றை ஓயாமல் செலுத்தி, மீன் சாற்றையோ மக்காச்சோளக் கழிவுச் சாற்றையோ நாள்தோறும் சிறிது சிறிதாகச் சேர்த்தால், நுண்கிருமிகள் பெருகி நைட்ரேட்டை உண்டாக்குகின்றன. அதன் பின்னரே பயிரை வைக்க வேண்டும். அவசரப்படுவோருக்கு இது பலிக்காது.

நம்மிடம் இல்லாத பொருள் இதில் என்ன இருக்கிறது? நமது கடற்கரைத் துறைமுகங்களில் மீன் கழிவு குவிகிறது. கடலைப் பிண்ணாக்கில் நூற்றுக்குச் சுமார் 7 பங்கு நைட்ரஜன் உண்டு. சாம்பலில் பொட்டாஷ் உண்டு. ஆனால் எதையும் ஆராயாமல் கலக்கலாகாது. சாம்பல் மிகுந்தால் நீரில் காரம் ஏறும். வேப்பம் பிண்ணாக்கு வயலுக்கு நல்லதாயினும், நைட்ரேட் உண்டாக்கும் கிருமிகளை அடக்குவதால் தொட்டிக்கு உதவாது. பச்சையாகத் தின்னும் இலைகளின் நீரில் சாணம் சேர்ந்த கரைசலை விடுவது நோய்க்கு இடந்தரும். இவற்றையெல்லாம் அளந்து, சோதித்து, குடியானவனுக்கும் குடும்ப ஸ்திரீக்கும் விளங்கும் தமிழில் எழுதித் தருவது கோயமுத்தூர் விவசாய சர்வகலாசாலை போன்ற ஸ்தாபனங்களின் கடமையாகும்.

நிற்க, இவ்வாறு விளைந்ததை 'இயற்கை விளைபொருள்' என்று விற்கலாமா என்ற விவாதமும் உண்டு. அமெரிக்காவில் அதைத் தடுக்க வேண்டுமென்ற தீர்மானம், 2017 நவம்பரில் ஆலோசனைச் சபையில் 7-க்கு 8 என்ற வாக்குக் கணக்கில் தோற்றது. ஐரோப்பிய யூனியனோ, 2022 ஜனவரி முதல் அமுலில் உள்ள சட்டத்தால், சிற்சில விலக்குகள் தவிர அதை மறுத்துவிட்டது. நமது அபிப்பிராயம் ஐரோப்பியர் பக்கமே. இயற்கை விவசாயமென்பது விஷ மருந்தைத் தவிர்ப்பது மட்டுமன்று. நிலத்தின் வளத்தைப் பெருக்கி அடுத்த தலைமுறைக்கு ஒப்படைப்பதுமாகும். பல்லாண்டு பாடுபட்டு மண்ணைத் திருத்திய விவசாயியின் பெயரை, மண்ணையே தொடாதவன் எடுத்துக்கொள்வது நியாயமன்று. நீர்ப்பயிருக்குத் தனிப் பெயரும் தனி முத்திரையும் அளிக்கட்டும். உண்மையைச் சொல்லி விற்கும் பொருளை ஜனங்கள் வாங்காமல் விடமாட்டார்கள்.

நெல்லையும் பருப்பையும் குழாயில் விளைவித்து நாட்டின் பசியைத் தீர்க்கலாமென்று நாம் கனவு காணவில்லை. அதற்கு வயல்தான் கதி. ஆனால் ஒரு முழ நிலமும் இல்லாத பட்டணத்து ஏழைக்குக் கீரை கிடைக்க இது ஒரு வழி. அந்தக் கீரையும் அன்னிய நாட்டு மூட்டையை எதிர்பார்த்து நிற்க வேண்டுமா? குழாய்க்கும் கொட்டகைக்கும் பணம் கொடுக்கும் சர்க்கார், சுதேசி உர ஆராய்ச்சிக்கும் அதில் ஒரு பங்கை உடனே ஒதுக்க வேண்டுமென்று வற்புறுத்துகிறோம்.