மறையூர்ச் சாலையில் இருவர் சாப்பாடு

மூணாறுக்கு வரும் இளம் தம்பதிகள் பலர் மூன்று வேளைச் சாப்பாட்டையும் தங்கும் விடுதியிலேயே முடித்துக்கொள்கிறார்கள். பெரிய இழப்பு அது. மூணாறு செல்ல, பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சி, உடுமலை வழியாக மறையூர் ஏறும் பாதை கேரளத்தில் தொடங்கி, தமிழகத்தைக் கடந்து, மறுபடி கேரளத்துக்குள் போகிறது. காலைப் பலகாரத்தைப் பாலக்காட்டை அடுத்த இராமச்சேரியில் வைத்துக்கொள்ளலாம். தமிழகத்திலிருந்து குடியேறிய முதலியார் குடும்பங்களின் கைப்பக்குவம் அங்குள்ள இட்லி. பானையின் வாயில் நூல்வலை கட்டிய மண்வளையம், அதன்மேல் ஈரத்துணி, துணியில் மாவு. இப்படி அடுக்கடுக்காக வைத்து விறகடுப்பில் வேகவிடுகிறார்கள். தட்டையாக, பஞ்சு போல வரும் அந்த இட்லிக்குப் பொடியும் எண்ணெயும் போதும், சட்னியே வேண்டாம்.

உடுமலையைத் தாண்டினால் வருவது சின்னாறு யானைக்காடு, பகலிலேயே கடந்துவிடுவது நல்லது. அதைத் தாண்டினால் மழைமறைவுப் பூமியான மறையூர். கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே கொட்டகைகளில் சாறு காய்ச்சி, பாகு ஆறுமுன் கையால் உருட்டுகிறார்கள். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற இந்த வெல்லத்தைச் சூடு குறையுமுன் அங்கேயே தின்ன வேண்டும். கடைத்தெருவில் மறையூர் பெயரில் விற்பதெல்லாம் அசலல்ல. பக்கத்து ஊர்களான காந்தளூர், வட்டவடையின் மலைப்பூண்டுக்கும் 2022இல் அதே குறியீடு கிடைத்தது. பல் சிறியது, காரமும் மணமும் தூக்கல். அந்தியில் குளிர் ஏறியதும் சாலையோரக் கடையில் பால் சேர்க்காத கட்டன் சாயாவும் சூடான பஜ்ஜியும் கிடைக்கும். கடைக்காரரிடம் தமிழிலேயே பேசலாம்.