கண் எட்டும் தூரம் போதும்

கல்யாணம் என்றால் இன்று டிரோனும் வந்துவிடுகிறது. மண்டபத்துக்கு மேலே பறந்து படம் பிடிக்கிறது. திருவிழாவிலும் பறக்கிறது. பிள்ளைகளும் ஆசையோடு வாங்குகிறார்கள்.

வெட்டவெளியில் அது சொன்னபடி கேட்கிறது. ஊருக்குள் வந்தால் முரண்டு பிடிக்கிறது. கொஞ்ச தூரம் போனதும் படம் விட்டு விட்டு வருகிறது. பிறகு சிக்னலே அறுந்து போகிறது. "தூரத்தைக் கூட்ட என்ன வழி?" என்று பலர் கேட்கிறார்கள்.

பட்டத்துக்கு நூல் உண்டு. டிரோனுக்கு ரேடியோ அலைதான் நூல். பெரும்பாலான டிரோன்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5.8 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளைப் பயன்படுத்துகின்றன. வீட்டு வைஃபையும் இந்தப் பக்கத்தில்தான் வேலை செய்கிறது. தெருவில் வீட்டுக்கு வீடு வைஃபை. சந்தை இரைச்சலில் நம் ஆள் கூப்பிடுவது காதில் விழுமா? அந்தக் கதைதான் இங்கேயும்.

கட்டிடம் இன்னொரு தடை. கம்பி கட்டிய கான்கிரீட் சுவர் அலையை விழுங்கிவிடும். சுவர் இல்லாத இடத்திலும், தூரம் இரண்டு மடங்கானால் சிக்னலின் பலம் நாலில் ஒரு பங்காகக் குறையும்.

என்ன செய்யலாம்?

உயரமான, திறந்த இடத்தில் நில்லுங்கள். மொட்டை மாடி நல்லது. கைப்பிடிச் சுவர் இருக்கட்டும். செல்போன் கோபுரத்தின் அருகே நிற்க வேண்டாம். டிரோனுக்கு முதுகு காட்டாதீர்கள். நம் உடம்பே அலையைத் தடுக்கும்.

ரிமோட்டில் உள்ள ஆன்டெனாவைக் கவனியுங்கள். கம்பி போன்ற ஆன்டெனாவின் நுனியை டிரோனை நோக்கி நீட்டுகிறார்கள். அது தவறு. நுனியில் பலம் குறைவு, பக்கவாட்டில்தான் அதிகம். பக்கம் டிரோனைப் பார்க்க வேண்டும்.

சிக்னல் அறுந்தால் பல டிரோன்கள் புறப்பட்ட இடத்துக்குத் தாமே திரும்பும். எந்த உயரத்தில் திரும்ப வேண்டும் என்று முன்கூட்டியே நாம் குறிக்க வேண்டும். சுற்றிலும் உள்ள கட்டிடங்களைவிட அது கூடுதலாக இருக்கட்டும். குறைவாக இருந்தால், திரும்பும் வழியில் சுவரில் மோதும்.

சிக்னலின் சக்தியைப் பெருக்கும் கருவியைச் சிலர் வாங்கி மாட்டுகிறார்கள். உரிமம் இல்லாமல் பயன்படுத்தும் அலைக்குச் சக்தி வரம்பு உண்டு. அதை மீறுவது சட்ட விரோதம். பக்கத்தில் உள்ளவர்களின் கருவிகளுக்கும் இடைஞ்சல்.

2021-ல் வந்த டிரோன் விதிகளையும் மறக்கக் கூடாது. அனுமதி கேட்காமல் பறக்கக்கூடிய பகுதியிலும் 400 அடிதான் உச்சம். விமான நிலையத்தைச் சுற்றி 8 கிலோமீட்டருக்குள் அனுமதி இல்லாமல் பறக்க விடக் கூடாது. சென்னையில் மீனம்பாக்கத்தைச் சுற்றி எத்தனை கல்யாண மண்டபங்கள்! படம் பிடிக்கச் சொல்லும் குடும்பத்தார், "அனுமதி வாங்கினீர்களா?" என்று ஒரு வார்த்தை கேட்கட்டும்.

வயலில் விழுந்தால் டிரோன் மட்டும் உடையும். ஊருக்குள் கீழே ஜனங்கள் நடக்கிறார்கள். குழந்தைகள் விளையாடுகிறார்கள். சுழலும் இறக்கையோடு ஒரு பிள்ளையின் தலையில் விழுந்தால் யார் பதில் சொல்வது?

ஆகவே, கண்ணுக்குத் தெரியும் தூரத்திலேயே பறக்க விடுங்கள். கண்ணுக்கும் டிரோனுக்கும் நடுவே சுவர் இல்லாவிட்டால் அலைக்கும் தடை குறைவு. கட்டிடத்துக்குப் பின்னால் மறைகிறதா? உடனே திருப்புங்கள். இன்னும் தூரத்தில் படம் வேண்டுமா? டிரோனை இறக்குங்கள். நீங்கள் நடந்து போய், அங்கிருந்து ஏற்றுங்கள்.