இறந்தகாலத்தில் திரியும் வினைகள்

அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சியில் சமயப்பணி புரிந்த இத்தாலியராகிய வீரமாமுனிவர், தமிழருக்கென்று தமிழிலேயே தொன்னூல் விளக்கம் இயற்றியதோடு அமையாமல், தம்மைப் போல் கடல் கடந்து வரும் பாதிரிமாருக்காக வழக்குத் தமிழின் இலக்கணத்தை லத்தீன் பாஷையில் எழுதினார். அது 1738-இல் தரங்கம்பாடியில் அச்சேறிற்று. தாய்மடியில் தமிழைப் பெற்றவனுக்கு ஒருபோதும் தோன்றாத கஷ்டங்கள், வளர்ந்தபின் அதைக் கற்க வருபவனுக்கு அடிதோறும் எதிர்ப்படும் என்பதை அப்பெரியார் அறிந்திருந்தார். அக்கஷ்டங்களுள் தலையாயது இறந்தகால வினை.

'நில்', 'கல்' என்ற இரண்டையும் நோக்குக. நிற்கிறான், கற்கிறான் என்றும், நிற்பான், கற்பான் என்றும் இணைபிரியாது வந்தவை, இறந்தகாலத்தில் 'நின்றான்', 'கற்றான்' என்று வேறாகிவிடுகின்றன. 'நட' என்பது நடந்தான் ஆவதுபோல முன்னது மெல்லினம் பெறுகிறது. 'படி' என்பது படித்தான் ஆவதுபோலப் பின்னது வல்லினம் இரட்டிக்கிறது. வா, தா, காண், நோ, வே ஆகியவையோ நெடில் குறுகி வந்தான், தந்தான், கண்டான், நொந்தான், வெந்தது என்றாகும். த், ட், ற், இன் என இறந்தகால இடைநிலைகள் நான்கு என்று நன்னூல் வகுத்திருந்தும், எந்த வினை எதை ஏற்கும் என்பதை நாம் பழக்கத்தாலேயே அறிகிறோம்.

பிறமொழிகளிலும் இத்தகைய விகாரம் உண்டு. தூங்குதலைக் குறிக்கும் 'தொர்மீர்' என்னும் ஸ்பானிய வினை, 'தூங்கினேன்' என்னுமிடத்துத் 'தொர்மீ' என மாறாது நின்று, 'தூங்கினான்' என்னுமிடத்துத் 'துர்மியோ' எனத் திரிகிறது. தமிழில் ஒருமுறை திரிந்த பகுதி வந்தேன், வந்தாய், வந்தார்கள் என மூவிடத்தும் நிலைபெறுவதால், வினை ஒன்றுக்கு ஒரு வடிவத்தை மனத்தில் இருத்தினாலே இறந்தகாலம் முழுவதும் வசப்பட்டுவிடும். இவ்வளவு சுலபமான உபாயம் இருக்க, 'கோ, வெண்ட், கான்' என்று ஆங்கில வினைகளை உருவேற்றும் நம் பள்ளிகள், தமிழ் வினைக்கு அதே சிரத்தையைக் காட்டாதிருப்பது எனக்குப் பெரும் வருத்தம் தருகிறது.

செட்டிகுளம் பக்கத்தில் சின்ன வெங்காயம் 'வித்தாச்சா' என்று கேட்கும் வீட்டிலிருந்து வரும் பிள்ளை, 'அப்பா வெங்காயம் வித்தார்' என்று கட்டுரையில் எழுதுவது அறியாமையன்று. விற்ற, பெற்ற, கற்ற என்பவை பேச்சில் வித்த, பெத்த, கத்த என்றும், நின்றான், தின்றான் என்பவை நின்னான், தின்னான் என்றும் ஒழுங்காகவே மாறுகின்றன. சிவப்பு மையால் சுழிப்பதோடு நில்லாமல் அந்த ஒழுங்கை உபாத்தியாயர் எடுத்துச் சொன்னால், பிள்ளை தன் வீட்டுப் பேச்சைத் தாழ்வாக எண்ணாமலே எழுத்து வழக்கைக் கைக்கொள்ளும்.

க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி ஒவ்வொரு வினையின் பக்கத்திலும் 'வர, வந்து' என்றாற்போல் அதன் வடிவங்களைத் தந்திருக்கிறது. ஆரம்பப் பாடநூல்களும் அவ்வாறே வினையையும் அதன் இறந்தகாலத்தையும் ஜோடியாக அச்சிட வேண்டும். அரியலூர்ச் சிமெண்டு ஆலைகளை நாடி வரும் வடநாட்டுத் தொழிலாளிக்கும் அந்த ஜோடிகளைக் கொண்ட சிறு பிரசுரம் ஒன்றை மாவட்ட நிர்வாகமே இலவசமாக வழங்கலாம்.