பள்ளி வாசலில் 50 மீட்டர்



கொழுப்பு, சர்க்கரை, உப்பு மிகுந்த பண்டங்களைப் பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் விற்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2020-லேயே விதி வகுத்துவிட்டது. ஆனால் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் பள்ளி விடும் நேரத்தில் சிப்ஸ் பாக்கெட்டுகள் சரம்சரமாகத் தொங்குகின்றன. ரோடமின்-பி சாயம் கலந்த பஞ்சு மிட்டாயை 2024 பிப்ரவரியில் தடுத்த தமிழக அரசின் வேகம் இதில் ஏன் இல்லை?

வயிற்றோடு மனமும் கெடுகிறது. பாக்கெட்டைப் பிரித்ததும் ருசி, விரலால் தள்ளியதும் அடுத்த ரீல்ஸ் என்று பழகிய பிள்ளைக்கு ஒரு பக்கம் பாடம் படிக்கவும் பொறுமை இருப்பதில்லை. 16 வயதுக்கு உட்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருக்க 2025 டிசம்பரில் ஆஸ்திரேலியா தடை கொண்டுவந்தது. சாப்பிடும் நேரத்தில் கைபேசி கூடாது என்பதற்கு நமக்குச் சட்டம் எதற்கு? பெற்றோர் முதலில் கடைப்பிடித்தால் போதும்.

உள்ளாட்சி அமைப்புகளும் உணவுப் பாதுகாப்புத் துறையும் பள்ளி வாசல்களில் எல்லைக்கோடு போட்டு, மாதந்தோறும் சோதிக்க வேண்டும். சுண்டல், வேர்க்கடலை, கொய்யா விற்கும் தள்ளுவண்டிக்காரர்களுக்கு அங்கே முன்னுரிமை தரலாம். அவர்கள் பிழைப்பும் கெடாது, பிள்ளைகளும் பிழைப்பார்கள்.

– ஒரு வாசகர், அம்பத்தூர்