காவல் நாய்க்குத் தொப்பை அழகல்ல

மகாராஜபுரம், வத்திராயிருப்பு, ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரங்களில் தோப்புக்கு ஒரு நாய் வளர்ப்பது பரம்பரையாக வந்த வழக்கம். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் மாவும் தென்னையும் வைத்திருப்பவர்களுக்கு, இரவு வேளையில் ஒரு நல்ல ராஜபாளையம் நாய் இரண்டு ஆளுக்குச் சமம். அந்த நாயின் விஷயத்தில் இப்போது ஒரு புதுப் பெருமை நம்மிடையே புகுந்திருக்கிறது. வீட்டுக்கு வருகிற உறவினர் நாயைப் பார்த்து, "நல்லாத் தேறிருச்சே!" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் நமக்கு உச்சி குளிர்ந்து போகிறது. உடனே இன்னொரு கரண்டி சோறு போடுகிறோம்.

இந்தத் தேறுதலே நாய்க்கு நோய் என்பது என் கருத்து. அதைக் குறைக்க நார்ச்சத்து உதவும். அந்த நார்ச்சத்து நம் காய்கறிப் பாத்தியிலேயே இருக்கிறது. ஆனால் அதைக் கொடுக்கும் முறையில் பலர் தவறு செய்கிறார்கள். நானும் செய்தேன். ஆகவே இதை எழுதுகிறேன்.

ஒல்லி அதன் இயல்பு

ராஜபாளையம் நாய் பார்வையால் இரையைத் துரத்திப் பிடிக்கும் வேட்டை இனம். நீண்ட கால், ஆழ்ந்த மார்பு, உள்வாங்கிய வயிறு ஆகியவை அதன் லட்சணங்கள். நம் மாவட்டத்துச் சிப்பிப்பாறை நாயும் இதே கட்டுடையதுதான். 2005ஆம் ஆண்டு இந்திய அஞ்சல் துறை நான்கு இந்திய நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது, அவற்றுள் ராஜபாளையமும் இடம்பெற்றது. அந்தப் பெருமைக்குரிய உடல்வாகைத்தான் நாம் சோறு போட்டுக் கெடுத்துக்கொண்டிருக்கிறோம்.

இத்தகைய நாய்க்குக் கடைசி இரண்டு மூன்று விலா எலும்புகள் இலேசாகத் தெரிவது ஆரோக்கியத்தின் அடையாளம். "எலும்பு தெரிகிறதே, பட்டினி போடுகிறார்களோ என்று ஊரார் பேசுவார்களே" என்று அஞ்ச வேண்டியதில்லை.

முன்பு இந்த நாய்கள் காடு மேடெல்லாம் ஓடின. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு வேட்டைக்கு இடமில்லை. அது நல்லதே. ஆனால் ஓட்டம் நின்றது, தீனி நிற்கவில்லை. பகல் முழுவதும் சங்கிலியில் கிடக்கும் நாய்க்கு, ஓடுகிற நாய்க்குரிய தீனியை வைத்தால் அது கொழுப்பாகத்தான் சேரும். கருத்தடை செய்த நாய்க்குத் தீனித் தேவை இன்னும் குறைவு.

பன்றி வந்தது, நாய் எழவில்லை

என் தோப்பில் ஆறு வயதுக் கிடா நாய் ஒன்று இருக்கிறது. 26 கிலோ இருக்க வேண்டிய அது, தேங்காய் எடை போடும் தராசில் 34 கிலோ காட்டியது. அன்று வரை அதை நான் பெருமையாகவே நினைத்திருந்தேன். ஒரு மழைக்கால இரவு காட்டுப்பன்றிகள் புகுந்து, புதிதாக வைத்த தென்னங்கன்றுகளைக் கிளறிப் போட்டுவிட்டன. நாய் படுத்த இடத்திலிருந்தே குரைத்தது; எழுந்து நாலு அடி வரவில்லை. காலையில் பார்த்தால், பின்னங்காலைத் தரையில் ஊன்றவே அதற்கு வலித்தது. எட்டுக் கிலோ கூடுதல் பாரத்தை அந்த மெல்லிய கால்கள் எத்தனை நாள் சுமக்கும்?

கொழுத்த நாய்க்கு மூட்டு தேயும், மூச்சு வாங்கும், நம் சித்திரை வெயிலைத் தாங்காது. ஆயுளும் குறையும். அமெரிக்காவில் 48 லாப்ரடார் நாய்களைக் குட்டியிலிருந்து சாகும் வரை வைத்து நடத்திய ஆராய்ச்சியின் முடிவு 2002ஆம் ஆண்டு வெளிவந்தது. ஒரே ஈற்றுக் குட்டிகளை இரண்டிரண்டாகச் சேர்த்து, ஒன்றுக்கு அதன் ஜோடி தின்னும் அளவில் கால் பங்கைக் குறைத்தே தீனி வைத்தார்கள். குறைத்துத் தின்ற நாய்கள் சராசரியாக ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தன. மூட்டு நோயும் அவற்றுக்குத் தாமதமாகவே வந்தது.

கணக்குப் பார்ப்போம்

கால்நடை மருத்துவர்கள் கையாளும் வாய்ப்பாட்டின்படி, 25 கிலோ இருக்க வேண்டிய நாய் சும்மா படுத்திருந்தால் அதன் உடம்புக்குத் தேவைப்படுவது நாளொன்றுக்குச் சுமார் 780 கலோரி. எடை குறைக்க வேண்டிய நாய்க்கு இந்த அளவை ஒட்டியே தீனி வைக்கச் சொல்கிறார்கள்.

நாம் வைப்பது என்ன? காலையில் அரை லிட்டர் எருமைப்பால் என்றால் அதிலேயே 500 கலோரிக்கு மேல். இரவில் அரைக் கிலோ சோறு என்றால் சுமார் 650. இரண்டும் சேர்ந்தே 1,150ஐத் தாண்டிவிட்டது. கறித் துண்டு, ரொட்டி, விசேஷ வீட்டு மிச்சம் ஆகியவை கணக்கில் வரவில்லை. கொப்பரை காயும் களத்தில் கட்டிய நாயாக இருந்தால் கேட்கவே வேண்டாம். கொப்பரையில் நூறு கிராமுக்கு 600 கலோரிக்கு மேல் இருக்கிறது. தேங்காயில் நார் இருக்கிறதே என்று சமாதானம் சொல்ல முடியாது. கூடவே கொழுப்பும் மிகுதி.

நார்ச்சத்து என்ன செய்யும்?

தாவர உணவில் நாயின் குடலால் முழுதும் செரிக்க முடியாத பகுதியே நார்ச்சத்து. அது வயிற்றில் இடத்தை அடைக்கும். சில வகை நார் தண்ணீரை இழுத்து உப்பும். ஆனால் கலோரி மிகக் குறைவாகவே கொடுக்கும். 200 கிராம் சோற்றில் சுமார் 260 கலோரி. அதே 200 கிராம் வேகவைத்த சுரைக்காயில் சுமார் 30 கலோரிதான். தட்டு நிறைந்திருக்கும், வயிறும் நிறையும், ஏற்றம் மட்டும் குறையும். இவ்வளவுதான் இதன் சூட்சுமம்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நார்ச்சத்து கொழுப்பைக் கரைக்கும் மருந்து அன்று. சோற்றுக்குப் பதிலாக அது வந்தால் பயன் உண்டு. சோற்றோடு கூடுதலாக வந்தால் பயன் இல்லை. நான் செய்த பிழை இதுதான். எடையைக் குறைக்க வேண்டும் என்றதும், அரைவை மில்லில் கிடைத்த அரிசித் தவிட்டை இரண்டு கை அள்ளி வழக்கமான சோற்றின் மேல் கொட்டினேன். ஒரு வாரம் நாய்க்குக் கழிச்சல் கண்டது. எடை ஒரு கிலோகூட இறங்கவில்லை. மருத்துவர் சிரித்தார். "எண்ணெய் எடுக்காத அரிசித் தவிட்டில் நூற்றுக்குப் பதினைந்து பங்குக்கு மேல் எண்ணெய் இருக்கிறது. சோற்றையும் குறைக்காமல் இதையும் கொட்டினால் எப்படிக் குறையும்?" என்றார். அந்தத் தவிடு சில நாளிலேயே சிக்கல் வாடை பிடித்துக் கெட்டும் போகும்.

சட்டியில் என்ன மாற்றலாம்?

முதலில் பாலையும் மிச்சச் சோற்றையும் நிறுத்த வேண்டும். பிறகு சோற்றில் கால் பங்கைக் குறைத்து, அந்த இடத்தில் உப்பு, மிளகாய், எண்ணெய் சேர்க்காமல் வேகவைத்து மசித்த காயைச் சேர்க்கலாம். பூசணி, சுரை, பீர்க்கு, புடலை, பீன்ஸ், காரட் எல்லாம் ஏற்றவை. சுரைக்காயை மட்டும் வாயில் வைத்துப் பார்த்துவிட்டுப் போடவும். கசந்தால் நச்சு, எறிந்துவிட வேண்டும். இரண்டு வாரத்தில் படிப்படியாகக் கூட்டலாம். சட்டியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காய் போக வேண்டாம் என்பது என் அனுபவம்.

கறியையும் முட்டையையும் குறைக்கக் கூடாது. எடை இறங்கும்போது கொழுப்பு போக வேண்டுமே தவிர, சதை போகக் கூடாது. புரதமும் நார்ச்சத்தும் இரண்டும் மிகுந்த தீனியே நாயின் பசியை நன்றாக அடக்குகிறது என்று 2007ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆராய்ச்சி கூறுகிறது. தோலும் கொழுப்பும் நீக்கிய கோழிக்கறி இதற்குப் போதும்.

கம்பும் கேழ்வரகும் நல்லவைதானே என்று கேட்பார்கள். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட அட்டவணைப்படி, நூறு கிராம் தீட்டிய அரிசியில் நார்ச்சத்து 3 கிராமுக்கும் குறைவு. கம்பு, கேழ்வரகு இரண்டிலும் 11 கிராமுக்கு மேல். அந்த வகையில் அவை மேலானவையே. ஆனால் எடைக்கு எடை பார்த்தால் கலோரி அரிசியை ஒட்டியே வருகிறது. கம்பங்கூழ் என்ற பெயருக்காகக் குண்டான் நிறைய ஊற்றினால் நாய் இளைக்காது. அளவுதான் முக்கியம்.

எச்சரிக்கைகள்

வளரும் குட்டி, சினை நாய், பாலூட்டும் தாய், நோயால் மெலிந்த நாய் ஆகியவற்றுக்கு இந்த முறை கூடவே கூடாது. நார் மிகுந்தால் சாணம் பெருக்கும், வாயு சேரும், தாது உப்புகள் உடம்பில் ஒட்டாமல் போகும். தண்ணீர் எந்நேரமும் இருக்க வேண்டும். இல்லையேல் மலச்சிக்கலில் முடியும்.

வெங்காயம், பூண்டு போட்ட குழம்புக் காயை நாய்க்குக் கொடுக்கவே வேண்டாம், இரத்தத்தைக் கெடுக்கும். திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். மாட்டுக்கு வைக்கும் கடலைப் புண்ணாக்கை நாய்க்குக் கலப்பவர்கள் உண்டு. பூஞ்சணம் பிடித்த புண்ணாக்கின் நஞ்சு கல்லீரலைத் தாக்கி நாயைக் கொன்றுவிடும். சோறும் கறியும் மட்டுமே தின்னும் நாய்க்குச் சுண்ணாம்புச் சத்து போதாது. அதற்கு என்ன சேர்ப்பது, எவ்வளவு சேர்ப்பது என்பதை மருத்துவரிடம் கேட்டே செய்ய வேண்டும். தீனியைக் குறைத்தும் எடை இறங்காவிட்டால் தைராய்டு சுரப்பிக் கோளாறாக இருக்கலாம். அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்தில் காட்டிய பிறகே தொடங்குவது உத்தமம்.

எடை வாரத்துக்கு நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு பங்கு இறங்கினால் போதும். 34 கிலோ நாய்க்கு வாரம் 350 முதல் 700 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். நாயைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி, பிறகு தனியே ஏறி, வித்தியாசத்தைக் குறித்து வைக்கலாம். தராசு இல்லாதவர்கள் விலாவைத் தடவிப் பார்க்கலாம். அழுத்தாமலே எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும். அழுத்தித் தேட வேண்டியிருந்தால் கொழுப்பு மிகுதி. காலையும் மாலையும் வெயிலுக்கு முன்னும் பின்னும் நடத்திக் கூட்டிப் போவதும் தீனியளவுக்கு முக்கியம்.

"நாய்க்குக் காய்கறியா?"

நாய் மாமிசப் பிராணியாயிற்றே, அதற்குப் பூசணிக்காய் போடுவதா என்று பெரியவர்கள் கேலி செய்வார்கள். நாய் மனிதனோடு சேர்ந்து தானியத்தைச் செரிக்கப் பழகிய பிராணி. ஓநாயிடம் மிகக் குறைவாக இருக்கும் மாவுச்சத்தைச் செரிக்கும் திறன் நாயிடம் பெருகியிருப்பதை 2013ஆம் ஆண்டு மரபணு ஆராய்ச்சி காட்டியிருக்கிறது. நம் வீட்டு நாய் தலைமுறை தலைமுறையாகக் கூழும் கஞ்சியும் குடித்து வளர்ந்ததுதானே!

இன்னொரு பேச்சும் வரும். "வாயில்லாச் சீவன், ஆசையாய்க் கேட்கிறது, கொடுக்காமல் இருப்பது பாவம்" என்பார்கள் வீட்டுப் பெண்கள். அவர்களுடைய இரக்கத்தை நான் குறை சொல்லவில்லை. என் வீட்டிலும் இதே பேச்சுத்தான். ஆனால் நாய் கேட்பதெல்லாம் பசியால் அன்று. நம் கை தன் பக்கம் வர வேண்டும் என்றும் அது கேட்கும். அப்போது ஒரு காரட் துண்டைக் கொடுத்தாலும் வாலை ஆட்டிக்கொண்டு வாங்கிக்கொள்கிறது.

என் நாய் 34 கிலோவிலிருந்து 27 கிலோவுக்கு வர எட்டு மாதம் ஆயிற்று. இப்போது வேலி ஓரமாக இரவில் இரண்டு சுற்று வருகிறது. ஆனால் பின்னங்கால் ஒன்று இன்னும் இழுத்தபடியே இருக்கிறது. தேய்ந்த மூட்டு திரும்ப வளராது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அந்தக் காலைப் பார்க்கும்போதெல்லாம், "நல்லாத் தேறிருச்சே" என்று கேட்டு மகிழ்ந்த நாட்கள் எனக்கு நினைவுக்கு வருகின்றன.

விவசாயப் பெருமக்கள் தத்தம் தோப்பு நாயின் விலாவை இன்றே ஒருமுறை தடவிப் பார்க்க வேண்டும். எலும்பு கைக்குத் தட்டுப்படாவிட்டால், நாளை முதல் சோற்றுக் கரண்டியைச் சிறிதாக்கிக் காய்க் கரண்டியைப் பெரிதாக்க வேண்டும். மூட்டு தேய்வதற்கு முன்பே இதைச் செய்துவிட்டால், நம்மைக் காக்கும் நாயை நாமும் காத்தவர்களாவோம்.